என் வீட்டுக்காரரின் நெஞ்சுக்கு நான் காவல்

அன்புத் தம்பி ஆவுலிஸுக்கு,

அக்கா ஹில்க்கா எழுதுவது. ஊலுவில் நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், பசுக்கள் சௌக்கியம். உன் அத்தான் தைஸ்தோ மட்டும் சந்தேகம்.

போன வாரம் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்த நர்ஸ், "நம்ம கரேலியாவுல ஆம்பளைங்க நெஞ்சு பொசுக்குன்னு நின்னுடுதும்மா. நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை... புருஷனைக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து நான் இவர் பின்னாலேயே அலைகிறேன். பக்கத்துப் பண்ணை எய்னோ விறகு வெட்டும்போதே சரிந்து போனது உனக்குத் தெரியும். இந்த மனுஷனோ ரொட்டியைவிடக் கனமாக வெண்ணெய் தடவுகிறார். ஒளித்து வைத்தால், "நெஞ்சு நிக்கிறதுக்கு முந்தி என் வயித்தை நிப்பாட்டப் பாக்குறியாடி?" என்கிறார். அவர் ஏரியில் வலை இழுத்தால் துடுப்பு நான் போடுகிறேன். சனிக்கிழமை சவுனாவில் தனியாக விடப் பயந்து, நானும் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்து, அவர் வியர்வை சூடா குளிரா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நீராவி அறையில் வியர்வையைச் சோதித்த பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்திதான். டாக்டரிடம் போகலாம் என்றேன். "சவுனாவுல தீராத வியாதி சாவுலதான் தீரும், சும்மா கெட" என்று இன்னோர் அகப்பைத் தண்ணீரை அடுப்பின் சூடான கல்லில் ஊற்றினார். அந்த ஆவியில் எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்து, முதுகின் நடுவே யாரோ ஏறி நிற்பதுபோல் ஆயிற்று. இவரோடு பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையும் விண்ணென்று வலிக்கிறது. பால் வாளியைத் தூக்கினால் பாதி வழியில் உட்கார வேண்டியிருக்கிறது. விடிய விடிய அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தால் களைக்காதா?

பயமாக இருக்கிறது, தம்பி. இவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைத் திட்டுவேன்? நாளைக்குக் கழுத்தில் கயிறு கட்டியாவது டாக்டரிடம் இழுத்துப் போகிறேன்.

கர்த்தர் உன் வீட்டுக் கூரையையும் அதன் கீழே இருப்பவர்களையும் காக்கட்டும்.

உன் அக்கா
ஹில்க்கா

பின்குறிப்பு: மச்சான், நான் தைஸ்தோ எழுதுகிறேன். சொன்னபடி இழுத்துத்தான் போனாள். டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, "எருது மாதிரி இருக்கீங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் அவள் நாற்காலியில் வெளுத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள். "எனக்கு ஒண்ணுமில்ல, அவரை இன்னொரு தடவ நல்லாப் பாருங்க" என்றாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு அவளுக்காம். குமட்டல், முதுகு, தாடை எல்லாம் அதுதானாம். உயிர் இருக்கிறது, ஆனால் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். அவள் பையில் தபாலில் போடாமல் இருந்த இந்தக் கடிதத்திலேயே எழுதுகிறேன். அவள் மூச்சை நம்மில் யாராவது ஒரு நாள் கேட்டோமா, மச்சான்? முதல் பஸ்ஸிலேயே வா.