பதினெட்டில் ஒரு பங்கு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் வீட்டுக்காரரும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பார்கள். நீ கோபத்தோடு சுகமாக இருக்கிறாய் என்று உன் கார்டிலிருந்து தெரிகிறது.

முதலில் பிள்ளைகள் விஷயம். பெரிய பேத்தி ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்துக்குத் தலைமை ஆகிவிட்டாள். ஒன்பது பேர் அவளைப் பார்த்து எழுந்து நிற்கிறார்களாம், உட்காரச் சொன்ன பிறகும் இரண்டு பேர் நிற்கிறார்களாம். சின்னப் பேத்திக்கு நீச்சலில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கின பெண் ஒரு சாண் உயரம் கூடுதல், அதனால் அவள் கை முதலில் சுவரைத் தொட்டுவிட்டது. வேகமாக நீந்தினது நம் பெண்தான். கடைக்குட்டிக்கு மூன்று வயது. எல்லா எழுத்தும் சொல்கிறாள், வரிசை மட்டும் அவள் இஷ்டம். மூத்த பேரன், அதுதான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற நம் கண்ணாடிக்காரன், கார் சேர்க்கிறவர்கள் நடத்தின கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறான். பொம்மைக் கார் என்று சொன்னால் அவனுக்கு ஆகாது. "மாடல், பாட்டி" என்பான். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது. நிஜக் காரைப் பதினெட்டுப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளம். இந்தக் கணக்கை நான் உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் உன் வாதம். சரி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அவனிடம் இருக்கிற பதினான்கு கார்களை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தி, அவன் கார் மட்டத்துக்குக் குனிந்து ஒரு போட்டோ எடுத்தான். பின்னால் தெருவும் எதிர்வீடும் தெரிந்ததால் கார்கள் எல்லாம் வாசலில் நிற்பது போலவே விழுந்துவிட்டது. நன்றாக இருக்கிறதே என்று ஒரு பிரதி உனக்கு அனுப்பினேன். கூடவே, "வெயில் படாமல் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கிறான், தினமும் துடைக்கிறான்" என்று எழுதினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? நீ உடனே, "பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இருபத்தாறு பேர் பத்து மணி ரயிலில் வருகிறார்கள், உன் பேரன் ஐந்து காரோடு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்" என்று எழுதினாய். வந்து இறங்கியதும் நம் பக்கத்துப் பெருமை அவர்கள் கண்ணில் படட்டும் என்று கேட்கிறாய் என நான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, உட்காருவதற்கு முன்பே நாங்கள் அவனுடைய கார் அலமாரியைத்தான் காட்டுவோம்.

அதற்குப் பிறகும் நீ கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். எல்லாம் ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்றாய். சக்கரம் எல்லாம் சுத்தமாகச் சுழலும் என்றேன். போன கல்யாணத்தில் ஒரு காரின் கதவு திறக்காமல் உன் நாத்தனாரை ஜன்னல் வழியாக எடுக்க வேண்டியிருந்தது, இதில் கதவு திறக்குமா என்றாய். நான்கு கதவும் திறக்கும், டிக்கியும் திறக்கும் என்றேன். பெட்ரோல் என்றாய். சொட்டுக்கூட வேண்டாம் என்றேன். "உன் மனசு யாருக்கு வரும்" என்று பதில் போட்டாய். டிரைவர்கள் எத்தனை பேர், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றாய். அவன் ஒருத்தன்தான் வருவான், ஐந்தையும் அவனே கொண்டுவந்துவிடுவான் என்றேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். நீ எட்டாவது முடித்தவள். ஒருத்தன் ஐந்து காரை எப்படிக் கொண்டுவருவான் என்று எட்டாவது படித்தவளுக்குத் தோன்ற வேண்டாமா?

கேட்டது ஐந்து, நம் கையால் ஒன்று கூடப் போகட்டும் என்று சிவப்பு டவுன் பஸ் மாடலையும் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் நான்தான் வைத்தேன். முழங்கால் என்னைக் கல்யாணத்துக்கு வர விடவில்லை, அவன்தான் அந்தப் பெட்டியை மூன்று மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்தான். ஸ்டேஷன் வாசலில் நடந்ததை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். உன் சம்பந்தி, அதுதான் மாப்பிள்ளையின் அப்பா, இருபத்தாறு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் எண்ணி முடித்துவிட்டு வந்து கேட்டாராம்.

"தம்பி, காருங்க எங்க?"

"இதோ மாமா, கையிலதான் இருக்கு."

"சாவியைக் கேக்கலப்பா. காரு."

இவன் பெஞ்சில் பெட்டியை வைத்துத் திறந்து, பஞ்சை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறான். இருபத்தாறு பேரும் குனிந்து பார்த்தார்களாம். அவர்களில் மூத்தவர், எண்பது தாண்டிய பெரியவர், "எனக்கு முன்சீட்டுன்னு சொன்னாங்களே" என்றாராம். இவன் கறுப்புக் காரின் முன்கதவை நகத்தால் திறந்து, "இதோ பாருங்க தாத்தா, சீட்டு பின்னாடி சாயக்கூடச் சாயும்" என்று காட்டியிருக்கிறான். மரியாதையாகத்தான் காட்டியிருக்கிறான்.

உடனே மாப்பிள்ளையின் அத்தை பையைத் தூக்கித் தோளில் போட்டாளாம். "நம்மள என்ன இளக்காரமா நெனச்சுட்டாங்களா? அடுத்த ரயில்ல ஊருக்கே போயிடலாம், வாங்க!" நான்கு பேர் டிக்கெட் கவுண்டர் பக்கம் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் டீ கிளாஸும் கையுமாக ஒரு பஸ் டிரைவர் வந்து நின்றார்.

"தம்பி, அந்தச் செவப்பு பஸ்ஸ ஒரு நிமிஷம் குடு." வாங்கித் திருப்பிப் பார்த்தாராம். "பின்னாடி ஏணிகூட வச்சிருக்கான் பாரு! இதுலேர்ந்து விழுந்துதான்யா என் முன்பல்லு போச்சு. பதினோரு வருஷம் ஓட்டினேன்."

"ரெண்டாவது கியர் மாத்தும்போது கத்துமாமே?" என்றிருக்கிறான் இவன்.

"கத்துமாவா? தெருவே எழுந்து உக்காரும்!"

சம்பந்தி நடுவில் வந்து, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சீங்கன்னா எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றிருக்கிறார். டிரைவர் மண்டபத்தின் பெயரைக் கேட்டார். மாடலைக் கொண்டுபோய்த் தன் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார். "எல்லாரும் ஏறுங்க" என்றார். கண்டக்டர், "அண்ணே, அந்தப் பக்கம் நம்ம ரூட்டே கெடையாது" என்றாராம். "இன்னிக்கு இருக்கு. நீ டிக்கெட்டப் போடு."

அப்படித்தான் உன் சம்பந்தி வீட்டார், முன்னால் 'பணிமனை' என்று பலகை தொங்கிய டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஐந்து கார் வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு நீ பூத்தட்டோடு நின்றாய். உன் முகம் எப்படி இருந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நேரத்துக்கு வந்தார்கள், கல்யாணம் நடந்தது, பெரியவருக்கு முன்சீட்டும் கிடைத்தது. அவர் நாள் முழுக்க, "முன்சீட்டுன்னா இது முன்சீட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பஸ் மாடல் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் தேடி வாங்கினது. இறங்கும்போது டிரைவர் அதை நீட்டினாராம். இவன், "அங்கேயே இருக்கட்டுங்க, அதுக்கு ரோடு தெரியுது" என்று சொல்லிவிட்டான். அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தூசி துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைக்கிறேன்.

நீயோ, "பொய்யைப் போட்டோ எடுத்து அனுப்பினவள், இனி எனக்கு அக்காவும் இல்லை, கடிதமும் இல்லை" என்று எழுதிவிட்டாய். போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்காது, எனக்குப் பொறுமை கிடையாது. மாதம் ஒரு கடிதம் என்று நாற்பது வருடமாக ஓடுகிறது. தபால்காரர் நேற்று, "என்னம்மா, தங்கச்சி லெட்டர் காணோம்?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். ஆகையால் ஒப்புக்கொள்கிறேன். அளவு சொல்லாமல் போட்டோ அனுப்பியது என் தப்பு. அப்படி அனுப்புவது மனிதர் செய்கிற காரியம் இல்லை. உன் சம்பந்தியிடமும் என் மன்னிப்பைச் சொல்.

புதுத் தம்பதிக்கு என் ஆசீர்வாதம்: நிறைய வருடம், குறைவான சண்டை. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. உனக்கு, வாங்கிக்கொள்வாய் என்றால், என் அன்பு.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன், போன வருடம் நீ அனுப்பின உன் புது மாடிவீட்டுப் போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடி போய்விட்டதாக எழுதியிருந்தாய். விலாசம் மட்டும் பழையதாகவே வருகிறதே என்று எனக்கு யோசனை. பேரன் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வாசல் மரம் ஸ்பாஞ்சாம். கேட்டில் நிற்கிற காவல்காரருக்கு மூக்கு இல்லையாம். மாடி ஜன்னல் கண்ணாடியில், கதவளவு பெரிசாக, போட்டோ எடுத்தவருடைய சட்டைப் பொத்தான் தெரிகிறது. "பில்டர் ஆபீஸ்ல வச்சிருக்கிற மாடல், பாட்டி. நூத்துல ஒரு பங்கு. செஞ்சவர் யாருன்னு கேளுங்க, அருமையான வேலை" என்கிறான். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வீடு கட்டி முடிகிறபோது முடியட்டும். அதுவரை பழைய வீட்டு வாசலிலேயே நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் சேர்த்துவிடு. வீடு பாதி தெரிந்தாலும் பரவாயில்லை, நீ முழுசாகத் தெரிய வேண்டும்.