பூட்டின அறைக்குள்ளே என்ன?

கண்ணாடிக்காரர் அன்று காலை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே முழங்கினார்.

"இன்னைக்கு நாம சினிமாவுக்குப் போறோம். வானமே இடிஞ்சு விழுந்தாலும் போறோம்!"

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அதனால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். ஊருக்கெல்லாம் பார்வை சரிபண்ணுகிறவர், வீட்டில் துணிக்கூடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தெரியாது என்பார்.

மனைவி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் விடியவிடியத் தூங்கியது கிடையாது.

"பாப்பா அழுதா என்னங்க பண்றது?"

"அழமாட்டா. அவ அப்பனை மாதிரி. இருட்டைக் கண்டா தூங்கிடுவா."

பாப்பா அப்பனை மாதிரி இல்லை. தியேட்டரில் விளக்கு அணைந்ததுதான் தாமதம், வீறிட்டாள். முன்வரிசைக்காரர்கள் திரையை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரர் மூளை விறுவிறுவென்று கணக்குப் போட்டது. காதல் படம் என்றால் சிரிப்பும் பாட்டும் முதல் பாதியில். பிற்பாதி முழுக்க மூக்கைச் சிந்தல்.

"ஆளுக்குப் பாதி பாத்துக்குவோம். முதல் பாதி எப்படியும் அறுவையா இருக்கும், அதை நான் தாங்கிக்கறேன். நல்ல பாதி உனக்கு."

"எனக்காகவா?" என்று ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அளக்க அவர் கடையில் கருவி இல்லை. குழந்தையோடு வெளியே போய்விட்டாள்.

படமோ அவர் நினைத்த படமில்லை. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. பூட்டுத் திறக்கிறவன் ஒருத்தன். ஒரு பெண் வாராவாரம் அவனைக் கூப்பிட்டு, தன் வீட்டில் ஒரே ஓர் அறைக் கதவைத் திறக்கச் சொல்கிறாள். திறந்ததும் உள்ளே எட்டிப் பார்க்கிறாள். ஒரு பெருமூச்சு. மறுபடி பூட்டிவிட்டுச் சாவியைச் சன்னல் வழியே வீசிவிடுகிறாள். அவனுக்கு அவள்மேல் ஆசை, அந்த அறைமேல் அதைவிட ஆசை. ஒருநாள் அவள் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் திறக்கிறான். அவன் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். வாய் பிளக்கிறது...

இடைவேளை.

"அடப்பாவிகளா!" என்றார் கண்ணாடிக்காரர், சத்தமாகவே.

பிறகு வெளியே குழந்தையும் கையுமாக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்தார். டிக்கெட் கிழிக்கிறவர் தோளைத் தட்டினார்.

"சார், உள்ளே இப்பத்தான் எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. கெடுத்துடாதீங்க."

படம் விட்டு மனைவி வந்தாள். கண்ணில் தண்ணீர். முகத்தில் என்றுமில்லாத தெளிவு.

"என்ன இருந்துச்சு அந்த அறையில?"

"எந்த... ஓ, அதுவா? வீட்டுக்குப் போய்ச் சொல்றேனே."

வீட்டில் முதல் பாதிக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி அவர் நச்சரித்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அழுக்குத் துணி," என்றாள்.

"அழுக்குத் துணியா?"

"அறை பூரா. உத்தரம் வரைக்கும். பாவம், தனியா அவளால முடியலை. அதான் வாராவாரம் பாத்துப் பெருமூச்சு விட்டிருக்கா."

கண்ணாடிக்காரர் அசந்துபோனார். இருக்கும், வித்தியாசமான படமாச்சே!

"அப்புறம் அவன் என்ன பண்ணான்?"

"கை வேலையா இருக்கே. இந்தத் துணியைப் பிழிஞ்சு போடுங்க, சொல்றேன்."

பிழிந்தார். பூட்டுக்காரனும் பிழிந்தானாம். மறுநாள் கதை பாத்திரம் கழுவும் இடத்துக்கு நகர்ந்தது. கண்ணாடிக்காரர் கையில் சோப்பு. ராத்திரி பாப்பா சிணுங்கினால், "கொஞ்சம் ஆட்டுங்க, விட்ட இடம் ஞாபகம் வரட்டும்" என்பாள். ஞாபகம் வருவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த வாரம் பாப்பா தூங்காத ராத்திரியெல்லாம் அவரும் தூங்கவில்லை.

வாரக் கடைசியில், கடையில் பில் போடுகிற பெண்ணும் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்த அழுக்குத் துணியைப் பாத்ததும் மனசு உருகிடுச்சு, இல்லம்மா?" என்றார்.

"என்ன துணி சார்? அந்தப் படத்துல துணியே கிடையாது!"

"அப்ப அறைக்குள்ளே?"

"அதைச் சொன்னா படம் பாத்த சுகமே போயிடும். போய்ப் பாருங்க சார்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. நீ படம் பாத்தியா, இல்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சீட்டு மெத்துன்னு இருந்துச்சா... குளுகுளுன்னும் இருந்துச்சா... சாஞ்சதுதாங்க தெரியும். கூட்டிப் பெருக்குற அம்மாதான் எழுப்பினாங்க."

"கண்ணெல்லாம் தண்ணியா வந்தியே?"

"கொட்டாவி விட்டா தண்ணி வராதா?"

"சரி. நாளைக்கே மறுபடி போறோம். இந்தத் தடவை பிற்பாதி எனக்கு!"

"உங்க இஷ்டங்க," என்றாள் பூனை மாதிரி.

போனார்கள். முதல் பாதி முழுக்கக் குழந்தையோடு வெளியே நடை பழகினார். மணி அடித்ததும் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே பாய்ந்தார். சீட்டு மெத்தென்று இருந்தது. குளுகுளுவென்றும் இருந்தது. பூட்டுக்காரன் வாயைப் பிளந்தான். கண்ணாடிக்காரரும் வாயைப் பிளந்தார். ஒரே ஒரு கொட்டாவிதான்.

கூட்டிப் பெருக்குகிற அம்மா எழுப்பினாள்.

வெளியே மனைவி காத்திருந்தாள். தோளில் பாப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணெல்லாம் தண்ணியா இருக்கே. அழுதீங்களா?"

"ஆமா... ரொம்ப உருக்கம்."

"அப்படியா! அறைக்குள்ளே என்ன இருந்துச்சு?"

கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது வந்து... அழுக்குத் துணிதான்."

அவள் களுக்கென்று சிரித்தாள். "நீங்க போன கொஞ்ச நேரத்துல இவ தூங்கிட்டா. கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னு முழுசும் பாத்துட்டேன். அடேயப்பா! அந்த அறைக்குள்ளே அப்படி ஒண்ணு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லைங்க!"

"என்னது? என்னது? சொல்லேன்!"

அவள் பாப்பாவை அலுங்காமல் அவர் தோளுக்கு மாற்றினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். துணி ஊற வச்சிருக்கேன்."