ஆம்பூரில் நான் தனியாகப் பாடியது

பாட்டுக்காரர் வீட்டில் பிறந்தால் பாட்டு தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இந்த நாட்டில் இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். நான் பாட்டுக்காரர் வீட்டில்தான் பிறந்தேன். கல்யாண வயது வருவதற்குள் சோளிங்கரிலிருந்து வாணியம்பாடி வரை நான் ஏறாத மேடை கிடையாது. ஆனால் ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடு என்றால் எனக்குத் தெரியாது. சிரிக்க வேண்டாம். இதில் என் தப்பு இம்மியளவும் இல்லை. இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

என் அப்பா வேலூரில் ஒரு துரைசானியிடம் நாலு குரல் பாட்டு கற்றுக்கொண்டவர். ஒரே பாட்டை நாலு பேர் ஒரே சமயத்தில் நாலு விதமாகப் பாடுவது. சேர்த்துக் கேட்டால் சுகமாக இருக்கும். (அதற்கு ஆள் சேர்க்கத்தான் அப்பா கல்யாணமே செய்துகொண்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) அடிக்குரல் அப்பாவுடையது. அதற்கு மேலே அண்ணன் சாமுவேல். உச்சிக்குரல் தங்கை எஸ்தருக்கு. பாட்டின் மெட்டு அவளிடம்தான் இருக்கும். அவளுக்குக் கீழே இரண்டாம் குரல் நான். ஆர்மோனியம் எல்லாம் கிடையாது. கடவுள் கொடுத்த தொண்டை போதும் என்பது அப்பாவின் கட்சி. சுருதிக்கு மட்டும் சட்டைப்பையில் ஒரு சின்ன ஊதுகுழல் வைத்திருந்தார்.

இரண்டாம் குரலின் வேலை பந்தக்கால் மாதிரி நிற்பது. "மலைமேலே ஏறிவந்த வெண்ணிலாவே" என்று அப்பா கட்டிய பாட்டு ஒன்று எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்த வரியில் எஸ்தர் ஏறி இறங்கி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு கால் கட்டைவிரலால் தாளம் எண்ண வேண்டும். கடைசியில் "நிலாவே" என்று ஒரே சுரத்தில் ஒரு வார்த்தை. பிறகு மறுபடியும் எண்ண வேண்டும்.

சதா பக்கத்தில் நின்றவளுக்கு மெட்டு தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். (எல்லாரும் கேட்டாச்சு.) அப்பாவின் பயிற்சி அப்படி. எங்களை ஆளுக்கொரு மூலையில் வைத்துத் தனித்தனியாகப் பழக்குவார். எனக்கு வாய்த்தது சமையலறை.

"எஸ்தர் பாட்டைக் காதுல வாங்காதே ரெபேக்கா! வாங்கினே, உன் குரல் அவ பின்னாடியே போய்டும்!" என்று கத்துவார்.

மேடையிலும் அவள் பக்கத்துக் காதை நான் உள்ளங்கையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. குடியாத்தத்தில் ஒரு அம்மாள் எனக்குக் காதுவலி என்று பரிதாபப்பட்டு, பாட்டு நடக்கும்போதே மேடைக்கு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டாள். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

இப்படி இருக்கையில் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆம்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற உத்தியோகம். மூன்றாம் வகுப்பில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து ஊர் ஊராக அலைந்து சலித்துப்போயிருந்த எனக்கு அதைக் கேட்டதுமே புல்லரித்தது. ரயிலில் ஏறாமலேயே ரயிலால் பிழைக்கிற மனிதர்! ஒரே ஊர், ஒரே வீடு, துணி காயப்போட ஒரே கொடி. டிக்கெட் ஜன்னல் வழியாக ஒருமுறை அவரைப் பார்த்தும் இருந்தேன். மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன்.

மாப்பிள்ளையின் அம்மா சிக்கனக்காரி. "பொண்ணு பாக்கன்னு தனியா இன்னாத்துக்கு வரணும்? ஞாயித்துக்கிழமை இங்கதானே பாடறாங்க, அங்கியே பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கச்சேரி. முன்வரிசை நாற்காலிகளில் தோல் மண்டி சாயபுமார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார், பின்னால் பாயில் தோல் பதனிடும் வேலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக. ஆம்பூரில் பாடுவதில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டுக்கு மூச்சை நன்றாக இழுக்க வேண்டும். அந்த ஊர்க் காற்றை அப்படி இழுக்கக் கூடாது. சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் ஊறுகிற தோலின் வாசனை தொண்டைவரை போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியும் சமாளித்து நாலைந்து பாட்டு பாடிவிட்டோம். நிலாப் பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார்.

"இன்னாங்க அண்ணே, எல்லாரும் ஒண்ணா பாடினா எங்களுக்கு யார் குரல்னு எப்படித் தெரியும்? பெரிய பொண்ணு தனியா பாடட்டும். இதே பாட்டைப் பாடட்டும்."

அப்பாவிடம் குனிந்து, "அப்பா, எனக்கு என் குரல் மட்டுந்தானே தெரியும்?" என்றேன்.

"அதையே பாடேன்! ஒழுங்கா கத்துக்கிட்டதைப் பாட இன்னா வெக்கம்?" என்றார்.

அவருக்கு நாலு குரலும் மண்டைக்குள் எப்போதும் சேர்ந்தே கேட்கும். நான் ஒருத்தி பாடினாலும் முழுப் பாட்டும் கேட்கும். ஊராருக்குக் கேட்காது என்று அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவே இல்லை!

அப்பா சுருதி ஊதினார். நான் முன்னால் வந்து நின்று எண்ண ஆரம்பித்தேன். கொட்டகையே என் வாயைப் பார்த்தது. நானும் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். பின்னால் ஒரு குழந்தை அழுதது. "பயப்படாதேம்மா, தைரியமா பாடு" என்று ஒரு சாயபு அன்பாகச் சொன்னார். நான் "நிலாவே" என்றேன். மறுபடியும் எண்ணினேன்.

"மீதி எப்போ வரும்?" என்று பாயிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அடுத்த வரியில் எனக்கு இருந்தது "ஓரத்திலே" மட்டும். எதன் ஓரத்தில் என்பதை எஸ்தர்தான் பாடுவாள். நான் "ஓரத்திலே" என்றேன். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய்க் காதைப் பொத்திக்கொண்டது, பக்கத்தில் யாருமே இல்லாதபோதும்.

"காதும் கேக்காது போலக்குதே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எஸ்தர் ஓரமாக நின்றபடியே மெட்டை எடுத்தாள். (என்மேல் இரக்கப்பட்டுத்தான் பாடினாளாம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.) கொட்டகை நிமிர்ந்து உட்கார்ந்தது. "பலே! பேஷ்!" என்று கைதட்டல். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் நகர்ந்து, "சின்னவ பேரு இன்னா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டது. சின்னப் பெண்ணைத்தான் கேட்டார்கள்.

"பெரியவ இருக்க சின்னவளுக்கா?" என்று அம்மா சண்டை போட்டாள்.

"வீடு தேடி வந்த வரனை விடச் சொல்றியா?" என்றார் அப்பா.

எஸ்தர் விக்கி விக்கி அழுதாள்; அழுதுகொண்டே சரி என்றாள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் நானும் அழுதேன். எனக்கு மெட்டு சொல்லித்தராமல் விட்டவர் ஒருவர், தண்டனை எனக்கா? அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கல்யாணத்துக்கு ஆம்பூரே திரண்டிருந்தது. விருந்துக்கு முன்னால் குடும்பத்தோடு நிலாப் பாட்டு பாடுவதாக அப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். மணப்பெண் தலையைக் குனிந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா, சாமுவேல், நான் மூவரும் எழுந்து நின்றோம். அப்பா சுருதி ஊதினார். பந்தல் அமைதியானது.

அமைதியாகவே இருந்தது. முதல் வரியில் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் கிடையாது. மூவரும் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு நின்றோம். பிறகு மூவரும் சேர்ந்து, ஆளுக்கொரு சுரத்தில், "நிலாவே" என்றோம்.

அப்பா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மண்டைக்குள் கேட்ட பாட்டு வெளியே இல்லை என்பது அவருக்கு முதல்முறையாக உறைத்துவிட்டது. ஆரம்பித்ததை நிறுத்தவும் வழியில்லை. நானோ இரண்டாவது வரியில் பந்தலே அதிரும்படி "ஓரத்திலே" என்று எடுத்தேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் பாடியதில்லை. இனி எல்லாருக்கும் புரிந்துவிடும், கோளாறு என்னிடம் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லும், அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டினேன்.

பாட்டு முடிந்தது. கைதட்டவா வேண்டாமா என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"பாவம் அண்ணி, பெரியவளுக்கு இருந்தது எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு பாருங்க. நல்ல வேளை, சின்னவளை நாங்க கூட்டினு வந்துட்டோம்."

பிற்பாடு எனக்கும் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரருக்குப் பாட்டே பிடிக்காது. வரன் வந்ததும் முதலில் அதைத்தான் விசாரித்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சுருதி தப்பினாலும், தொண்டை கட்டினாலும், "பெரியம்மாகிட்டருந்து ஒட்டிக்கிச்சு" என்பதுதான் இன்றுவரை பேச்சு. அன்றைக்கு மூன்று பேர் பாடினோம், பேர் மட்டும் எனக்கு. போன வாரம் எஸ்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேடியோ திடீரென்று கரகர என்றது. டிக்கெட் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆகிவிட்ட அந்த மனிதர் சாய்வு நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, பேத்தியைப் பார்த்துச் சொன்னார்:

"பெரிய ஆயாவைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா."