கோயமுத்தூர் படிவமும் மாட்டுங்கா டப்பாக்களும்

மாட்டுங்கா, மும்பை
மே 24, ஞாயிறு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சினர் சுப்ரமணியன் அவர்களுக்கு,

வைத்தீஸ்வரன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் உங்கள் தங்கை விஜயலக்ஷ்மியும் வியர்வையைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் உங்கள் முதுகுவலியும் மன்னியின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீங்கள் அதை முடித்துவிடுவது வழக்கம். அதனால்தான் கடிதம்.

தாங்கள் கூரியரில் அனுப்பிய படிவம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கோயமுத்தூருக்கு வெளியே வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பில் உங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாகிறது என்றும், நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்பிவிட்டால் அது எங்களுக்குத்தான் என்றும், மாட்டுங்கா வீட்டைக் கொடுத்துவிட்டு ஆடி பிறப்பதற்குள் வந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். லிஃப்ட் உண்டு, கேன்டீன் உண்டு, டாக்டர் உண்டு, சாயங்காலம் பஜனை உண்டு. ஆர அமர யோசித்தோம். வருவதாக முடிவு செய்துவிட்டோம். நான் கையெழுத்துப் போட்டாயிற்று. விஜயம் வெளியே போயிருக்கிறாள், வந்ததும் அவளும் போட்டுவிடுவாள். எப்போது கேட்டாலும் "சரி, உங்க இஷ்டம்" என்றுதான் சொல்கிறாள். கூடப்பிறந்த அண்ணா அடுத்த வீட்டில் இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்? நாற்பது வருஷம் இருந்த ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், உங்களிடம் மறைப்பானேன், ஆனால் அது அவளுக்குத் தெரியவேண்டாம்.

எப்படி மனசு வந்தது என்று கேட்பீர்கள். இந்தக் கோடையில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால், "வைத்தி, நாளைக்கே ரயிலேறு" என்று நீங்களே சொல்வீர்கள். எல்லாம் என் முழங்காலில் ஆரம்பித்தது. நடையைக் குறைத்து சைக்கிள் ஓட்டுங்கள், அவசரமில்லாமல் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாராவி அறுபதடி ரோட்டில் ஹமீது என்று ஒரு திருநெல்வேலிக்காரர் பழைய சைக்கிள்களைப் பழுது பார்த்து விற்கிறார். அவரிடம் போய் எனக்கு ஒன்று கேட்டேன். ஒரு பச்சை வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இது ஒங்கள விட மூத்ததுதான். ஆனா இதுக்கு முட்டுவலி கெடையாது, பாத்துக்கிடுங்க" என்றார். அது நியாயமாகப் பட்டது. கூட வந்த விஜயம் பக்கத்திலிருந்த கூடை வைத்த சிவப்பு வண்டியில் ஏறி, கடை வாசலிலேயே ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து இறங்கினாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

அதோடு போயிருந்தால் தேவலை. ஏப்ரலில் பெங்களூரிலிருந்து வந்த எங்கள் பெண் வந்தனா, சும்மா ஓட்டினால் நாலே நாளில் அலுத்துவிடும் என்று சொல்லி, அம்மாவின் போனில் எதையோ ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பேர் ஜியோகேச்சிங்காம். விஷயம் இதுதான்: உலகம் பூராவும் சில பேர் சின்னச் சின்ன டப்பாக்களை மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் ஒளித்து வைக்கிறார்கள். போனில் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்குப் போய்த் தேடி, டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். டப்பா பெரிசாக இருந்தால் உள்ளே இருக்கும் சில்லறைச் சாமானில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நம் சாமான் ஒன்றை வைக்கலாம். பரிசு ஏதாவது உண்டா என்று கேட்டேன். கிடையாதாம். பிறகு எதற்கு இத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கேட்டேன். உங்கள் தங்கை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் சல்வார் வேறு வாங்கியிருந்தாள்.

தினமும் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவோம். வெயில் ஏறுவதற்குள் ஒரு டப்பா, பிறகு எங்கேயாவது இட்லி காபி, எட்டரைக்கு வீடு. முதல் டப்பா ஃபைவ் கார்டன்ஸில் ஒரு ஆலமரத்து வேருக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்தான், பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ரெக்கார்டு செக்‌ஷனில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்தவன் நான். ஒருத்தன் கோணலாகப் பேர் எழுதியிருக்கிறான், இன்னொருத்தன் தேதியே போடவில்லை, மூன்றாமவன் பூனைப் படம் போட்டிருக்கிறான். மனசு கேட்காமல் டப்பாவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து, சிவப்பு மசியில் கோடு போட்டு, வரிசை எண், தேதி, பெயர், முழு முகவரி, வந்த காரியம், குறிப்பு என்று தலைப்புக் கொடுத்து, பழசையெல்லாம் ஒழுங்காகப் பெயர்த்தெழுதி, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். டப்பாவை இடத்தைவிட்டு நகர்த்தவே கூடாது என்பது சட்டமாம். யாரோ தன் பெட்டியைத் திருடி ஆபீஸ் ரிஜிஸ்டராக மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அதற்குச் சொந்தக்காரன் அந்தப் போன் விளையாட்டிலேயே எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டான். விஜயம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதினைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். ஜனங்கள் ஒழுங்காகப் பூர்த்தி செய்திருந்தார்கள். "வந்த காரியம்" என்ற கட்டத்தில் ஒருத்தர், "வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறார்" என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர், "ஒரு காரியமும் இல்லாமல் இருக்க வந்தேன்" என்று எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

அடுத்தது உங்கள் தங்கையின் கைங்கரியம். ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு சின்னப் பார்க்கில், சுவரோரமாகக் கல்லுக்குக் கீழே பெரிய டப்பா. அதிலிருந்து ஒரு சாவிக்கொத்து வளையத்தை எடுத்துக்கொண்டாள். எடுத்ததற்குப் பதில் எதையாவது வைக்கவேண்டுமே. கையில் இருந்தது முதல் நாள் ஒரு சீமந்தத்தில் கொடுத்த தாம்பூலப் பை. அதிலிருந்த பாக்கையும் மஞ்சளையும் குங்குமப் பொட்டலத்தையும் சிவப்பு ரவிக்கைத் துணியில் முடிந்து உள்ளே வைத்துவிட்டாள். சுமங்கலிக்குக் கொடுத்தது எங்கே போனாலும் நல்லதுதானே என்றாள். நானும் ஆமாம் என்றேன், என் மேலும் தப்பு இருக்கிறது. மறுநாள் அந்தப் பக்கம் போனால் பார்க்கில் இருபது பேர் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் டப்பா திறந்து கிடக்கிறது. கல்லைப் புரட்டின தோட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். யாரோ "கரணி" பண்ணிவிட்டார்கள் என்று பேச்சு. மராத்தியில் கரணி என்றால் செய்வினையாம். ஒருத்தர் எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பிவிட்டார். நான் நைசாக வண்டியைத் திருப்பினேன். உங்கள் தங்கை திருப்பவில்லை. நேரே கூட்டத்துக்குள் போய் முடிச்சைக் கையில் எடுத்து, அவிழ்த்து, தன் நெற்றியில் குங்குமத்தை வைத்துக்கொண்டு, எதிரே நின்ற மராத்தி அம்மாளிடம் நீட்டி, பம்பாய் ஹிந்தியில், இது ஹல்தி குங்கூ (அவர்கள் பாஷையில் மஞ்சள் குங்குமம்), நான்தான் வைத்தேன், எடுத்துக்கோ என்றாள். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கி இட்டுக்கொண்டாள். வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்பத் கலந்தார்கள், எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் அந்த அம்மாள்கள் நாலு பேர் விஜயத்துக்காகப் பார்க் வாசலில் காத்திருக்கிறார்கள். அன்றைக்கெல்லாம் நான் தனியாகத்தான் டப்பா தேடவேண்டியிருக்கிறது.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாஹிம் நேச்சர் பார்க் போகும் வழியில், ரோட்டோரக் கம்பி வேலியின் குழாய்க்குள் விரல் கனத்தில் ஒரு குப்பி. உள்ளே கையை விட்டேன். கை போயிற்று, கடிகாரமும் போயிற்று, இரண்டும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தாராவி பக்கமிருந்து வேலைக்குப் போகிற கூட்டம் நின்றுவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கூட நின்று படமெடுத்துக்கொண்ட ஒரு பையன் என்னைச் சிரிக்கச் சொன்னான். விஜயம் ஹமீதுக்குப் போன் போட்டாள். அவர் செயினுக்குப் போடும் கிரீஸ் டப்பாவோடு வந்து, குழாய்க்குள் அரை டப்பா கிரீஸை அப்பி, என் தோளைப் பிடித்து நிதானமாகத் திருப்பி, ஒரு சிராய்ப்பு இல்லாமல் வெளியே எடுத்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் விஜயம் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு, பொட்டலத்திலிருந்து எனக்கு ஒரு வாய் இட்லியும் தனக்கு ஒரு வாயுமாகக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, எனக்கு அப்போது கை வலிக்கவே இல்லை.

ஆக, நீங்களே பாருங்கள். டப்பாத் திருடன் என்று ஒரு பேர், செய்வினை வைத்தவர்கள் என்று ஒரு பேர், போதாக்குறைக்கு நடுரோட்டில் கிரீஸ் அபிஷேகம். அறுபத்தாறு வயசுக்கு இந்த ஊர் லாயக்கில்லை. லிஃப்டும் பஜனையும்தான் சரி. கையெழுத்திட்ட படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மன்னிக்கு எங்கள் நமஸ்காரம். குழந்தைகள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்கட்டும். மற்றவை நேரில், மாம்பழ சீசன் முடிவதற்குள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத
வைத்தீஸ்வரன்

பி.கு.: படிவம் இத்துடன் இணைக்கப்படவில்லை. நடந்தது இது. விஜயம் கையெல்லாம் மண்ணோடு வந்தாள். பேனாவை நீட்டினேன். கை அலம்பிவிட்டு வருகிறேன் என்று போனவள் பத்து நிமிஷம் கழித்து வந்து, தானும் ஒரு டப்பா வைத்திருப்பதாகச் சொன்னாள். அந்த இடத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, போன மாதமே ஜியோகேச்சிங்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டாளாம். சரி என்று இன்று காலை பதில் வந்ததாம். போய் ஒளித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"வெக்கிறவா பக்கத்துலயே இருக்கணுமாம். அடிக்கடி போய்ப் பாத்துக்கணுமாம். மழையில நோட்டு நனைஞ்சா மாத்தணுமாம். வெளியூர்க்காராளுக்குக் குடுக்கவே மாட்டாளாம்" என்றாள்.

கோயமுத்தூரிலிருந்து வந்து எப்படி நோட்டு மாற்றுவாய் என்று கேட்டேன். அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணாகிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க என்னடான்னா அந்த ஃபாரத்தைத் தினம் ஆசை ஆசையா எடுத்துப் பாத்துண்டிருந்தேள். உங்க கிட்டயும் எப்படிச் சொல்றது?"

ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் தினம் எடுத்துப் பார்த்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி கலந்தாள்.

ஆகையால் மச்சினரே, அடுத்த வீட்டை வேறு நல்லவர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைக்குப் பிறகு நீங்களும் மன்னியும் இங்கே வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போங்கள், ஹமீதிடம் இரண்டு சைக்கிள் சொல்லி வைக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். இவ்வளவு எழுதியிருக்கேள், அண்ணா படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

டப்பாவை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம், நானே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம். நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பிக்கிறேன். அது கிடைக்கிறவரை இந்த ஊரைவிட்டு நான் நகர்வதற்கில்லை. அவசரமாகத் தேடுவதாகவும் இல்லை.