இணைப்பு கிடைக்கவில்லை

"மவுஸ் செத்துப்போச்சு சார்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "மோடத்தை ரெண்டாவது போர்ட்டுக்கு மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். இப்போ அம்பு நகரவே மாட்டேங்குது."

"அது மவுஸோட போர்ட்மா" என்றார் போனின் மறுமுனையில் தலைமை அலுவலக இன்ஜினியர். "அதுல ஏன் கை வச்சீங்க?"

"நீங்கதான் சொன்னீங்க."

"மூணாவதுன்னு சொல்லியிருப்பேன். சரி, சும்மா சும்மா ஆபரேட்டர் வழியா என்னைத் தேட வேண்டாம். என் ரூம் போன் நம்பர் தரேன், நேரா அடிங்க."

அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். "மெயில் அனுப்ப மோடம் எந்த நம்பரைக் கூப்பிடுதுன்னு ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"அந்த நம்பரை நான் மெஷினுக்குள்ளேயே பூட்டி வச்சிருக்கேன். நீங்க தொடவே வேண்டாம்."

இடமாறுதல் விண்ணப்பத்தை இனித் தாளில் வாங்க மாட்டார்களாம். மெயிலில்தான் வர வேண்டும், இன்று நாலு மணிக்குள். கணவனும் மகளும் இருக்கும் ஊரில் ஒரே ஓர் இடம் காலி. 'எப்போம்மா வருவே?' என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள், இப்போதெல்லாம் அதைக் கேட்பதில்லை.

மூன்றாவது போர்ட்டுக்கு மாற்றியதும் மவுஸுக்கு உயிர் வந்தது. மோடம் எண்ணைச் சுழற்றியது, கீச்சிட்டது. பிறகு திரையில் எழுத்து: இணைப்பு கிடைக்கவில்லை.

மோடத்துக்குத் தனி லைன். பேசுகிற போன் இருந்தது மேலாளர் அறையில். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மறுபடியுமா? உங்களுக்கும் மெஷினுக்கும் ஏழாம் பொருத்தம்."

அவள் புன்னகைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தணியும், முகம் சிரிக்கும். அதற்குப் புகுந்த வீட்டில் தங்கமான பொண்ணு என்று பெயர், அலுவலகத்தில் ஒத்துழைப்பு என்று பெயர். உள்ளே போன கோபமெல்லாம் எங்கே போய்ப் படிகிறது என்று அவளும் யோசித்துப் பார்த்திருக்கிறாள். முதுகில்தான் போலிருக்கிறது. அங்கேதான் வலிக்கிறது.

இன்ஜினியர் முதல் மணியிலேயே எடுத்தார். "மோடத்தோட வேகத்தைக் குறைங்க."

குறைத்தாள். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோனது. அணைத்து எழுப்பி, மறுபடி அடித்தாள்.

"அப்போ மோடம் செட்டிங்ல இன்டரப்ட்னு ஒரு எண் இருக்கும், அதை ஏழுன்னு போடுங்க."

போட்டாள். மூலையில் சும்மா கிடந்த பிரின்டர் திடுக்கிட்டு எழுந்து, எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாகத் துப்பியது.

"அங்கே என்ன நடக்குது?" என்று மேலாளர் கத்தினார். "முதல்ல அந்தக் கீச்சுச் சத்தத்தை நிறுத்துங்க! மண்டையைப் பிளக்குது."

அவள் ஓடிவந்து மறுபடி அடித்தாள். "சத்தத்தை நிறுத்த ஒரு கட்டளை இருக்கு" என்றார் இன்ஜினியர். "போட்டுட்டு, அந்த ஏழைப் பழைய எண்ணுக்கே மாத்துங்க. இணைப்பு கிடைக்கிற வரைக்கும் மோடம் தானே கூப்பிடுற மாதிரியும் வைங்க. எனக்கும் இங்கே ஆயிரம் தொல்லைம்மா."

பிரின்டர் அடங்கியது. மோடமும் வாயை மூடிக்கொண்டது. விளக்குகள் மட்டும் சிமிட்டின. அது கூப்பிட்டுத் தோற்றது, கூப்பிட்டுத் தோற்றது. அவள் கைப்பையைப் பிடித்தபடி எதிரே நின்றாள். நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். அந்த இடத்துக்கு யாரோ ஒருத்தர் இந்நேரம் விண்ணப்பித்திருப்பார். அவருடைய மவுஸ் ஒழுங்காக நகர்ந்திருக்கும்.

முதுகில் ஏதோ ஒன்று அறுந்தது.

மேலாளர் அறைக்குள் நுழைந்து, அவர் முன்னால் கிடந்த செய்தித்தாளைத் தள்ளிவிட்டுப் போனை இழுத்தாள். இந்த முறை தலைமை அலுவலக ஆபரேட்டரைப் பிடித்தாள்.

"உங்க இன்ஜினியரைப் பத்திப் புகார் எழுதிக்கோ!" என்று கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "ஒண்ணும் தெரியாத ஆளு! காலைலேர்ந்து என்னைப் பம்பரமா ஆட்டி வைக்கிறாரு! என் பிள்ளைகிட்டப் போறதுக்கு நான் இவர்கிட்ட எத்தனை தடவை கெஞ்சணும்?"

மேலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அவரைத் திட்டாதீங்கக்கா, பாவம்" என்றாள் ஆபரேட்டர் பெண். "நீங்க எப்போ அடிச்சாலும் உடனே எடுக்கணும்னு, மெயில் வர்ற லைன்லேர்ந்து மோடத்தைக் கழட்டிட்டு அதுல போனை மாட்டிக்கிட்டு, காலைலேர்ந்து சாப்பிடக்கூடப் போகாம உக்காந்திருக்காரு. நடுவுல வேற யாரோ விடாம கூப்பிட்டு, எடுத்தா பேசாம 'பீப் பீப்'னு கத்தி அவர் உயிரை வாங்குறாங்களாம்!"