விதைவெங்காயமும் இரண்டாமாண்டு ஆய்வுகூடமும்

உடுவில்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நானும் தர்சினியும் நலம். மெல்பேணில் நீங்களும் மாமியும் மூத்த மச்சாளும் பிறந்த குழந்தையும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். நீங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்ற வீடும் நலம், பின்பக்கக் கொட்டிலைத் தவிர. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் இடையில் 'என்ன, என்ன' என்று கேட்பீர்கள், நான் பயத்தில் பொய் சொல்லிவிடுவேன். ஆகவே நாளை மெல்பேண் புறப்படும் அயல்வீட்டுச் சுதாகரன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் சுற்று வடிவமைப்புப் படிப்பிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அது என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அதற்கு நான் நன்றியுள்ளவன். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே பதில்களை வைத்து ஒரு இயந்திரத்தை முடிவெடுக்க வைப்பது, அவ்வளவுதான். போன வருடம்வரை கரும்பலகையில் படிப்பித்தேன்; இரண்டாமாண்டுப் பிள்ளைகள் அழகாகப் படம் கீறித் தொண்ணூறு புள்ளி எடுத்தார்கள், ஒரு சிப்பைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேல் என்று கேட்டார்கள். எனக்கு மனம் பொறுக்காமல், இந்த வருடம் எழுத்துப் பரீட்சையைப் பாதியாக்கி, மிச்சத்தை ஆய்வுகூடத்தில் செய்துகாட்ட வேண்டும் என்று மாற்றினேன். எங்கள் பொறியியல் பீடத்துப் பீடாதிபதிக்கு விருப்பமில்லை, படிப்புத் தவணை முடிவில் நேரில் வந்து பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொன்னார். முதல் மாதம் முழுவதும் ஆய்வுகூடத்தில் கருகிய மணம்தான். ஒரு குழுவின் லைட் யாராவது மேசையைத் தொட்டால் மட்டும் எரிந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் அறிக்கை எழுதித் தந்தார்கள்.

உதயகலா என்ற பிள்ளையின் குழு மட்டும் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு சுற்று செய்தது. மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. தண்ணீர் கீழ்க்கம்பியை விட்டு இறங்கினால் மோட்டர் ஓடும், மேல்கம்பியைத் தொட்டால் நிற்கும். வாளியில் வைத்து முப்பது தரம் செய்துகாட்டினார்கள், ஒருதரமும் பிழைக்கவில்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது. வாளியில் ஓடுவதை எங்கள் வீட்டில் பூட்டிப் பார்ப்போம் என்றேன். இன்னும் கொஞ்ச நாள் வாளியிலேயே பார்ப்போம் சேர் என்று அந்தப் பிள்ளை சொன்னது, நான் கேட்கவில்லை. இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள் மாமா, பிழை என்னுடையது.

மூன்று கிழமை அருமையாக ஓடியது. தர்சினி மோட்டர் சுவிட்ச் இருக்கும் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை கொடிகாமத்தில் ஒரு கலியாணம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் வாசல் படலையடியிலேயே அருவிச் சத்தம் கேட்கிறது. தாங்கி நிரம்பி வழிந்து, கொட்டிலின் தகரத்தில் விழுந்து, தகரத்தின் ஓட்டைகளால் இறங்கி, நீங்கள் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைவெங்காயம் முழுவதையும் குளிப்பாட்டியிருந்தது. வருகிற போகத்துக்கு நடவேண்டிய வெங்காயம். நான் மோட்டரை நிறுத்திவிட்டு, சொட்டும் தகரத்தின் கீழே நனைந்தபடி நின்றேன். தர்சினி சத்தம் போடவில்லை. "அப்பா கேட்டா நான் உங்களைத்தான் காட்டுவன்" என்று மட்டும் சொன்னாள்.

உடனே உலர்த்தாவிட்டால் அழுகிவிடும். வெளியில் மழை இருட்டு. வீட்டில் இருப்பது இரண்டு விசிறி, ஆய்வுகூடத்தில் பதினாறு. வெங்காயத்தை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பிள்ளைகள் எல்லாரும் வந்து, சுற்றுக் கட்டும் பிரெட்போர்டுகளை ஒதுக்கிவிட்டு மேசை மேசையாகப் பரப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பீடாதிபதி வந்தார். அவர் வருவதாகச் சொன்ன நாள் அது என்பதே என் நினைவில் இல்லை. ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து, இது எத்தனையாவது பரிசோதனை என்று கேட்டார்.

உதயகலா தாங்கியிலிருந்து கழற்றிய மேல்கம்பியை அவரிடம் நீட்டினாள். கம்பி முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. "எங்கடை சேர்க்கிட் சரி சேர். தாங்கி நிறைஞ்சிட்டுது எண்டு அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். வாளித் தண்ணீரை நாள்தோறும் மாற்றி, கம்பியையும் துடைத்து வைத்தார்களாம்; உடுவில் கிணற்றுத் தண்ணீர் மூன்று கிழமையில் கம்பியை மூடிவிட்டதாம். இனிக் கம்பிக்குப் பதிலாக மிதவை போட வேண்டும், எது என்ன சொன்னாலும் அரை மணித்தியாலத்தில் மோட்டர் நிற்கவும் வேண்டும் என்றாள். இடையில் கரண்ட் போய் வந்தால் அந்த அரை மணித்தியாலம் எங்கிருந்து தொடங்கும் என்று, தவணை முழுக்க வாயே திறக்காத ஒருவன் கேட்டான். அவ்வளவுதான். பீடாதிபதி நிற்பதை மறந்து முழு வகுப்பும் வெங்காயத்துக்கு மேலால் சண்டை பிடித்தது. அவர் கடைசிவரை நின்று கேட்டார். போகும்போது என்னிடம், "உந்தக் கேள்வியைப் பேப்பரிலை கேக்கேலாது, என்ன?" என்றார். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று தெரியாமல் இரண்டு நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

வெங்காயத்தில் முக்கால்வாசி தப்பிவிட்டது, கால்வாசி போய்விட்டது. பிள்ளைகளின் சுற்று இருந்த பெட்டியைக் கழற்றிப் பழைய சுவிட்சைப் பூட்டிவிட்டேன். இனி என் படிப்பில் ஒன்றும் உங்கள் வளவுக்குள் வராது. எழுத்துப் பரீட்சையையே திருப்பி வைக்கும்படி பீடாதிபதிக்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

மாமிக்கு என் வணக்கம். குழந்தைக்கு என் ஆசிகள். சித்தப்பா என்ன வேலை செய்கிறார் என்பதை அது கொஞ்சம் வளர்ந்தபின் சொல்லலாம்.

உங்கள் அன்பு மருமகன்,
பார்த்தீபன்.

பி.கு.: உறையில் இடுமுன் தர்சினி இதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். செவ்வாய்க்கிழமையே கொட்டிலுக்குள் நின்று உங்களுக்கு வீடியோவில் எல்லாம் காட்டிவிட்டாளாம். பல்கலைக்கழகத்து விசிறிக்குக் கீழே பரப்பச் சொன்னதே நீங்களாம். அவள் சொன்னதை நான் என் யோசனை என்று நினைத்திருக்கிறேன். உதயகலாவின் நம்பரை வாங்கி இரண்டு தரம் கதைத்து, "அந்தப் பிள்ளை சொல்லுறது விளங்குது, இவர் சொல்லுறதுதான் விளங்கிறேல்லை" என்றீர்களாம். நீங்கள் சொன்னபடி மிதவை வைத்த புதிய பெட்டியோடு உதயகலாவின் குழு இப்போது நம் தாங்கிக்கு மேல் நிற்கிறது. ஆகவே மேலே உள்ள எதையும் வாசிக்க வேண்டாம். பீடாதிபதிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். மோட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. நிற்கிறதா என்று போய்ப் பார்க்கிறேன்.