அரை கிரவுண்டும் கானாங்கோழியும்

ஒரு கிரவுண்டு மனையை முழு விலை கொடுத்து வாங்கி, அதில் பாதியைக் கோழிக்கு விட்டுக்கொடுத்த மனிதர் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். கோழி என்றால் குழம்பு வைக்கிற கோழி அல்ல. ஓடைக்கரைப் புதரில் ஒளிந்து வாழும் கானாங்கோழி. முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு, குட்டை வால் எந்நேரமும் துடித்துக்கொண்டே இருக்கும். இந்தத் தாராள மனதுக்காக எங்கள் நகரே அவரை 'அரை கிரவுண்டு' என்றுதான் அழைத்தது. பத்திரத்தில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அது தபால்காரருக்கே மறந்துவிட்டது.

போன ஐப்பசியில் அவர் காலமானார். உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை முதல் பாராவிலேயே "ரிஜெக்ட்" என்று மடித்து வைத்திருப்பார். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. கல்யாணப் பந்தியில் ரசத்தை ரிஜெக்ட் செய்வார். மின்வாரியம் நட்ட கம்பத்தைச் சுற்றி வந்து, சாய்ந்திருக்கிறது என்று ரிஜெக்ட் செய்வார். பக்கத்து மனையில் நான் குடிவந்த அன்று என் வீட்டு கேட்டை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு அதையும் ரிஜெக்ட் செய்தார். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே நடந்தால், ஏரியின் உபரித் தண்ணீர் போகும் ஓடை ஒன்று வரும். அதன் கரையை ஒட்டித்தான் எங்கள் மனைகள். ஓடையோரம் மனை வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வேலையாக ஒன்று செய்வோம்: ரப்பீஸ் லாரிக்குச் சொல்லிவிடுவோம். இடித்த வீடுகளின் செங்கல், காரை, உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டி மனையை மேடாக்குவார்கள். மனை ஓர் அடி உயரும், கரை ஓர் அடி ஓடைக்குள் நகரும். நொச்சியும் சம்புப் புல்லும் அடியில் போய்விடும். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

அரை கிரவுண்டு முதன்முதலாக மனை பார்க்க வந்த அன்று, அந்த நொச்சிப் புதரிலிருந்து கானாங்கோழி ஒன்று வெளியே வந்து, பின்னால் கரிக்கட்டை நிறத்தில் குஞ்சுகள் வரிசையாக வர, மனையைக் குறுக்கே கடந்து போயிருக்கிறது. "நமக்கு முன்னால குடிவந்தவங்கவே. பட்டா வாங்கல, அவ்வளவுதான்" என்பார் என்னிடம். திருநெல்வேலிக்காரர். ஆவடி குவார்ட்டர்ஸில் அத்தனை வருஷம் இருந்தும் அந்த 'வே' போகவில்லை.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்பு போட்டுக் குறிக்கும் நாளில் கொத்தனார் டில்லி மேஸ்திரி கயிறு பிடித்தார். ஓடைப் பக்கமிருந்து தள்ளி வரச் சொல்லிக்கொண்டே இருந்தார் அரை கிரவுண்டு. மேஸ்திரி ஒரு கட்டத்தில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா சார் இது? இன்னும் தள்னா நடு ரோட்லதான் ஊடு கட்டணும். பஸ்ஸு உங்க ஹாலுக்குள்ளாற பூந்துகினு போவும்."

"போகட்டும்வே. டிக்கெட்டு நான் எடுத்துக்கிடுதேன். நீரு தள்ளும்."

வீடு பாதி மனையில் நின்றது. மீதிப் பாதியில் ரப்பீஸ் கிடையாது, சுவர் கிடையாது. சிமெண்டுச் சட்டியை ஓடையில் கழுவக் கூடாது என்று தனியாக ஒரு குழி வெட்ட வைத்தார். பின்பக்கம் விளக்குப் போட வந்த எலக்ட்ரீஷியனிடம், "அதுகளும் தூங்கணும்லா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். லோடு இறக்க இடம் கேட்டு வந்த ரப்பீஸ் லாரிக்காரர் ஒருவர், "எங்க சார் கொட்றது?" என்றதற்கு, "உம்ம வீட்டு ஹால்ல" என்றார். அந்தக் குரலில் கோபமே இருக்காது. தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைத் தட்டில் திருப்பி வைக்கிற மாதிரி சொல்வார்.

இதில் அநியாயமாக மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி கோமதி அக்கா. குவார்ட்டர்ஸின் இரண்டு அறைக்குள் குடித்தனம் நடத்தியவர். சொந்த வீடு என்றால் பின்னால் ஒரு துவைக்கிற கல், ஒரு கருவேப்பிலை மரம், நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர் என்று மனதுக்குள் கட்டி வைத்திருந்தார். அது எல்லாம் கோழிக்குப் போய்விட்டது. சுண்ணாம்பு போட்ட நாளிலிருந்து அவர் கணவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். பேச வேண்டியது எல்லாம் என் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும் என் வழியாகத்தான் போகும்.

"தம்பி, சோறு ஆறுதுன்னு உங்க சார்ட்ட சொல்லுங்க."

சார் எனக்கு நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். நான் சொல்வேன். "வாரேன்னு சொல்லும்வே" என்பார். அதையும் சொல்வேன். ஒருநாள் குளியலறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிட்டது. அக்கா போட்ட சத்தத்தில் நான் சுவரேறிக் குதித்து ஓடினேன். அரை கிரவுண்டு அதை நீளக் குச்சியால் பதமாக ஒதுக்கி வெளியே விட்டுவிட்டு, "வழி தப்பி வந்துட்டு, பாவம்" என்றார். "பாவம் யாருன்னு கேளுங்க தம்பி" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த வீட்டில் காபி வேண்டியிருந்தது.

ஆனாலும் மனிதர்கள் ஓடைக்கரையை விடுவதாக இல்லை. அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் யாராவது ஒரு டிராக்டர் ரப்பீஸைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் திருஷ்டி பொம்மை. வீடு கட்டும்போது கொம்பு மீசையும் தொங்கும் நாக்குமாக மாட்டுவோமே, அதுதான். ஊர் உலகம் அதைத் தெருவைப் பார்த்து மாட்டும். இவர் அதைக் கொண்டுபோய் ஓடைக்கரையில் ஒரு கழி நட்டு, கரையோரம் வருகிற ஆட்களைப் பார்த்து மாட்டினார்.

"ஊட்டு மேல கண்ணு படக் கூடாதுன்னுதான சார் மாட்றது?" என்றார் மேஸ்திரி.

"வீட்டை எவம்வே பாக்கான்? எல்லாவன் கண்ணும் அந்தக் கரை மேலதான் இருக்கு."

பொம்மை நன்றாக வேலை செய்தது. சாயங்காலம் ரிவர்ஸில் வந்த லாரியின் சிவப்பு வெளிச்சம் அந்த நாக்கின் மேல் விழுந்ததும், டிரைவர் லோடோடு திரும்பி ஓடியதை நானே பார்த்தேன். அங்கே ஏதோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அதன் பிறகு யாரும் எதையும் கொட்டவில்லை. அரை கிரவுண்டு ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

பயம் போய் பக்தி வர எங்கள் ஊரில் அதிக நாள் ஆகாது. முதலில் கழியில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. அடுத்து மஞ்சள் துணி. பொம்மையைக் கும்பிட்டுவிட்டு ஆபீஸ் போன பையன் ஒருவனுக்கு, கம்பெனி செலவில் வெளிநாடு போகும் ஆன்சைட் கிடைத்தது. அவ்வளவுதான், அடிவாரத்தில் செங்கல்லும் சூலமும் வந்துவிட்டன. பொம்மைக்கு 'ஓடை முனீஸ்வரன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆடி மாதம் பிறந்தது. நலச் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டார். கரையைச் சமன் செய்து, தளம் போட்டு, தகரக் கூரை போட்டு, டியூப் லைட் மாட்டுவது என்று முடிவாகியது. அந்தப் பாதி மனை முழுவதும் வேண்டும் என்றார்கள். சாமி காரியத்துக்கு யார் இல்லை என்று சொல்வார்கள்?

அரை கிரவுண்டு சொன்னார். "அது சாமி இல்லவே, அம்பத்தூர் மார்க்கெட்ல வாங்கின பொம்மை. பாரும், முதுகுல விலை ஒட்டியிருக்கு."

"சாமி எந்த ரூபத்துல வேணா வரும் சார்" என்றார் செயலாளர், மிகவும் மரியாதையாக.

பொம்மையைக் கழற்றிவிடலாம் என்று போனார். அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவர் கையைத் தட்டிவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் ரிஜெக்ட் சொன்ன மனிதருக்கு அந்தச் சொல் முதன்முறையாகச் செல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை பொக்லைன் வரும் என்றார்கள். நொச்சிப் புதருக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் திரும்பவில்லை. எதற்கும் அசராத அந்த ஆள் அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "சோறு ஆறுதுன்னு சொல்லுங்க தம்பி" என்று அக்கா சொல்வார். நான் சொல்வேன். பதில் வராது. அக்கா சமையலறை ஜன்னலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஞாயிறு காலை பொக்லைன் வந்தது. மேளம் வந்தது. செயலாளர் தேங்காய் உடைத்தார். இயந்திரத்தின் கை மேலே எழும்பி, புதரை நோக்கி இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கோமதி அக்கா தலைவிரி கோலமாக, கையில் தோசைத் திருப்பியுடன், ஆடிக்கொண்டே வந்தார். தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத அக்கா. மேளக்காரர் அடிப்பதை மறந்துவிட்டார்.

"எவம்லே என் எடத்துல கை வைக்கது?"

கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு, "உத்தரவு சொல்லு சாமி, என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்லே! வெட்டவெளியில நிக்கவன் நான். எனக்குக் கூரை எதுக்கு? சிமெண்டு எதுக்கு? லைட்டு எதுக்கு? நான் வளக்குத கோழி அங்கன அடைகாக்கு. அது மேல ஒரு பிடி மண்ணு விழுந்துச்சுன்னா ஒருத்தனும் வீடு போயிச் சேர மாட்டிய! இந்த மண்ணுல எவனும் காலு வைக்கப்பிடாது. கும்பிடணும்னா ரோட்டுல நின்னு கும்பிடு!"

திருமுல்லைவாயில் ஓடை முனீஸ்வரனுக்குத் திருநெல்வேலித் தமிழ் எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பொக்லைன் டிரைவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா சாய்ந்தார். அரை கிரவுண்டு ஓடிவந்து தாங்கிக்கொண்டார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்தார். வீடு கட்ட ஆரம்பித்த நாளுக்குப் பிறகு கணவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது:

"தோசை கருகுது. போயி அடுப்பை அணைங்க."

அவர் போய் அணைத்தார். கருகிய தோசையை, உள்ளே நின்றபடியே, சட்னிகூட இல்லாமல் தின்றார். அழுதுகொண்டே தின்றார் என்று நினைக்கிறேன். ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ரொம்ப நாள் கழித்து அக்காவிடம் கேட்டேன். "நெசமாவே சாமி வந்துச்சாக்கா?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வந்துச்சோ வரலையோ, யாரு கண்டா? அந்த மனுசனுக்குச் சோறு இறங்கல தம்பி" என்றார்.

முனீஸ்வரன் இன்றும் கூரையில்லாமல்தான் இருக்கிறார். மழையில் மீசைச் சாயம் போய்விட்டது. கும்பிடுகிறவர்கள் ரோட்டில் நின்று கும்பிட்டுப் போகிறார்கள். எங்கள் ஓடையில் கரை கரையாகவே இருக்கும் இடம் அந்தப் பாதி மனை மட்டும்தான். சம்பு இருக்கிறது, தவளை இருக்கிறது, மாலையில் வக்கா நாரை வந்து உட்காருகிறது. என் பக்கம் ரப்பீஸ் மேடு இருக்கிறது, அதில் நான் செம்பருத்தி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழை நாளில் அவர் போனபோது, பந்தல் போட இடமில்லை. தெருவில் தண்ணீர் நின்றது. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இங்கதான் இவ்வளவு எடம் கெடக்கே, புதரை வெட்டிட்டு நாற்காலியைப் போடுங்க" என்றார். அரிவாள்கூட வந்துவிட்டது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை ஆடவில்லை, சத்தம் போடவில்லை.

"அங்கன யாரும் போகாதீங்க. இந்த மனுசன் எந்திரிச்சு ரிஜெக்டும்பாரு."

சொல்லிவிட்டு அவர் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். அதன் பிறகுதான் உடைந்து அழுதார். பந்தலையும் நாற்காலிகளையும் என் வீட்டு முற்றத்தில் போட்டோம். மேஸ்திரி டில்லி கொட்டும் மழையில் என் கேட்டோரம் நின்றுகொண்டு, "இன்னா மனுசன் சார் அவுரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கானாங்கோழியின் குரல் இனிமையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் விடியுமுன்பே ஆரம்பித்து, க்வாக் க்வாக் என்று காதைக் குடைந்து எடுத்துவிடும். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அவரை எத்தனை காலை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. இப்போதும் தூக்கம் கெடத்தான் செய்கிறது. ஆனால் ஒருநாள் அது கத்தாமல் இருந்துவிட்டால், எழுந்து போய் சுவரோரம் நின்று, கத்துகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.